தாடி கழற்றிய சாமியார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். பாதிக் கட்டுரையில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு ஜோசியச் செயலி கண்ணில் பட்டது. பிறந்த தேதியைப் போடு, உன் மனக்குறையைச் சொல்கிறேன் என்றது. போட்டேன். ‘உங்களுக்கு மேலே இருப்பவர் உங்கள் அருமையை உணரவில்லை’ என்று வந்தது. அடடா, எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது எனக்கு மேலே இருப்பவர் மாடி வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரைத்தான் சொல்கிறது என்று ஒரு நிமிடம் மனப்பூர்வமாக நம்பினேன். கொடியில் துணி காயப்போடும் விஷயத்தில் அவர் என் அருமையை உணராததும் உண்மைதானே.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், இதே வித்தையைத் தெருத்தெருவாகச் செய்துகாட்டி உடைத்துப் போட்டவன் நான். யாருக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தைச் சொல்; மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். அவ்வளவுதான் குறி. இத்தனையும் தெரிந்த ஆசாமிதான் மாடி வீட்டை நிமிர்ந்து பார்த்தேன்.

செயலியை மூடினேன். நம்பமாட்டீர்கள், நாக்கு நுனியில் கற்பூர வாசனை வந்தது.

கற்பூரத்தை நாக்கில் வைத்துக் கொளுத்துவது பெரிய காரியமில்லை. நாக்கில் எச்சில் நன்றாக ஊறியிருக்க வேண்டும், சூடு தாங்காமல் போகும் முன் வாயை மூடிவிட வேண்டும். முதல் முறை நான் மூட மறந்தேன். கூட்டம் வாய் பிளந்து பார்த்ததை நானும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்த வாரம் முழுக்க தொழிற்சாலையில் என் ஃபோர்மேனிடம் குழந்தை மாதிரி மழலை பேசினேன்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். மூடநம்பிக்கையை ஒழிக்க ஒரு குழு வைத்திருந்தோம். பெயர் பலகைக்குள் அடங்காத அளவு நீளம். ஆட்கள் ஒரு டீக்கடை பெஞ்சுக்குள் அடங்கிவிடுவார்கள். தலைவர் தர்மன் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதைச் சுவரில் எழுதிவிடுவார். சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் கொட்டை எழுத்தாக, ‘பேய் இல்லை, பிசாசு இல்லை, ஏமாறாதே’ என்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை அவர் கை படாத சுவர் குறைவு.

ஞாயிறு மாலைகளில் தெருவில் நிகழ்ச்சி. நான்தான் சாமியார். ஏன் நான் என்று ஒருநாள் கேட்டேன். “உன் மூஞ்சிலதான் நைனா பொய் நல்லா ஒட்டுது” என்றார் அண்ணன்.

முன்னறிவிப்பே இல்லாமல் காவி வேட்டியும் ஒட்டுத்தாடியுமாகத் தெருமுனையில் போய் உட்காருவேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் வரவழைப்பேன். நாலு பேருக்குக் குறி சொல்வேன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரம் பார்த்து எழுந்து, தாடியைக் கழற்றி, “நான் சாமியாரும் இல்ல, எனக்கு சக்தியும் இல்ல” என்று சொல்லி, ஒவ்வொரு வித்தையாக உடைத்துக் காட்டுவேன். கைதட்டல் அந்த இடத்தில்தான். ஒருமுறை பசை அதிகமாகி மேலுதட்டுத் தோலும் கூடவே வந்தபோது நான் போட்ட அலறலுக்குக் கிடைத்த கைதட்டல் அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

இப்படித்தான் கடலோரத் தெரு ஒன்றுக்குப் போனோம். கடல் அப்போது அந்தத் தெருவைத் தின்றுகொண்டிருந்தது. முன்வரிசை வீடுகள் போய், பின்வரிசை முன்வரிசையாகியிருந்தது. மீதியிருந்தவர்களுக்கு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பில் அரசாங்கம் வீடு ஒதுக்கியிருந்தது; ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடி, “வாசப்படி தாண்டிப் போன ஒரு காலு இன்னும் திரும்பல” என்று குறி சொன்னேன். அந்தத் தெருவில் எந்த வீட்டைப் பார்த்துச் சொன்னாலும் பொருந்தும். படகில் போனவர், ஆந்திராவுக்குப் போனவர், லாரி ஏறிப் போனவர் என்று வீட்டுக்கு ஒருவர் உண்டு. கூட்டத்திலிருந்து ஓர் அம்மா மட்டும் எழுந்து நின்றார். கருவாடு விற்கும் அஞ்சலை அக்கா. மகன் ரவி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு லாரி கிளீனராக ஏறிப் போனவன். வருடக்கணக்கில் தகவல் இல்லை.

வழக்கம்போலத் தாடியைக் கழற்றினேன். உடைத்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் கேட்டருகே அக்கா நிற்கிறார். ரவி எப்போது வருவான் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். டீக்கடையில் உட்காரவைத்துக் கத்தியில் தடவும் மருந்து, எச்சில், குறி எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பொய் சொல்றவன் அத்தினி பேரும் சக்தி கீதுன்றான். நீ ஒருத்தன்தான் இல்லேன்ன. அப்ப ஒன்னாண்டதான கீது?”

டீக்குக் காசு கொடுத்துவிட்டு அங்கிருந்து தப்பித்தேன்.

விஷயம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ராயபுரத்தில் ஒரு குறிகாரர் அக்காவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்: வாசப்படியை விட்டு நகராதே, நகர்ந்தால் பிள்ளை வரமாட்டான். தெருவே காலியாகிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் புது வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கேயே இருந்தார். புருஷன் இறந்துவிட்டிருந்தார். அடுப்படிச் சுவர் விழுந்துவிட்டது. காற்று அடித்தால் அலை பின்கட்டுக்குள் வந்து பாத்திரத்தை உருட்டும். அடுத்த புயல் வரை அந்த வீடு தாங்காது, உள்ளே இருப்பவரும் தப்பமாட்டார் என்பது கடலைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அதே தெருவில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிற ஏழுமலை என்னைத் தேடி வந்தார். அக்கா யார் சொல்லியும் கேட்கவில்லையாம், நான் சொன்னால் கேட்குமாம். “ஒரே ஒரு வார்த்த மாமு. ‘புது வூட்டுக்குத்தான் வருவான்’னு சொல்லு. போதும். இல்லாங்காட்டி அலை அக்காவ இட்னு பூடும்.”

அண்ணனிடம் போய் நின்றேன். ஒரு பொய்தானே, ஓர் உயிருக்காக என்றேன். அவர் கேட்டார், “நாளைக்கு அடுத்த தெருவுல இன்னொரு அம்மா வந்து நிக்கும். அதுக்கு இன்னா சொல்லுவ?” “அப்ப அக்கா சாவட்டுமா?” என்றேன். “காலைல போய்ப் பாக்கலாம் வா” என்றார்.

மறுநாள் காலையில் இருவருமாகக் கிளம்பினோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தாடியைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தேன், அண்ணனுக்குத் தெரியாமல்.

பின்கட்டில் தண்ணீர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா முன்கட்டில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் வேட்டி மடிப்பிலிருந்த தாடியைத் தடவியபடி, குறிகாரர் சொன்னதை அப்படி நம்பலாமா என்று ஆரம்பித்தேன். அக்கா எரிச்சலோடு நிமிர்ந்தார். “அவன் இன்னா சொல்றது? ரவி வந்து பாத்தா இங்க தண்ணிதான் இருக்கும். யாராண்ட போய்க் கேப்பான்? பக்கத்து வூட்டுக்காரங்களும் பூட்டாங்க.”

நான் இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். அண்ணன், ரவிக்குப் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். எட்டாவது வரை படித்தவன், சினிமா போஸ்டர் ஒன்று விடாமல் படிப்பான் என்றார் அக்கா. அண்ணன் எழுந்து போனார். சுண்ணாம்பு வாளியோடும் நீலத்தோடும் தூரிகையோடும் திரும்பி வந்தார்.

மெயின் ரோட்டில் அந்தத் தெரு பிரியும் இடத்தில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் நீளச்சுவர். லாரியில் வருகிற எவன் கண்ணிலும் படும். அண்ணன் அதில் எழுதினார்: ‘ரவி, அம்மா வீடு மாறிவிட்டேன். ரயில்வே கேட் தாண்டிப் புதுக் குடியிருப்பு, கடைசி பிளாக், கீழ்வீடு. யாரும் திட்டமாட்டார்கள். வா.’ அப்பா இறந்துபோனதையும் எழுதட்டுமா என்று அண்ணன் தயங்கிக்கொண்டே கேட்டார்.

“அத்த செவுத்துல எழுதாத. வூட்டுக்கு வந்து தெரிஞ்சிக்கட்டும்.”

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எழுதி முடித்ததும் நான் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, ரோட்டில் போன ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, “இன்னா எழுதிக்கீது, படி” என்றார். அவள் படித்தாள். அதுவும் போதவில்லை. நின்றிருந்த லாரியிலிருந்து டிரைவரை இறக்கி அவரையும் படிக்கவைத்தார். மூன்றும் ஒன்றுபோல இருந்த பிறகுதான் ஏழுமலையிடம் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். யார் சொன்னாலும் சோதித்துப் பார் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்திய காரியத்தை, எங்களையே வைத்துச் செய்து முடித்துவிட்டார்.

அந்த மழைக்காலத்திலேயே வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. அக்கா அப்போது புது வீட்டில் இருந்தார்.

சுவர் விஷயம் உங்களுக்குத் தெரியும், தேர்தல் வந்தால் இங்கே ஒரு செங்கல் கூடச் சும்மா இருக்காது. கட்சிக்காரர்கள் அந்தக் கிடங்குச் சுவரை முழுக்க வெள்ளையடித்துத் தங்கள் சின்னத்தை வரைந்தார்கள், நடுவில் ரவிக்கு எழுதிய கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்களும் அப்படியே. சின்னங்கள் மாறிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டம் மட்டும் இருந்தது. மங்கும்போதெல்லாம் அண்ணன் போய் எழுதிவிட்டு வருவார். அவர் காலமான பிறகு நான். என் எழுத்து கோணல். ரவி வந்து பார்த்தால் அம்மாவுக்கு ஏதோ நடுக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பான். அவன் வரவில்லை.

இப்போது அந்தத் தெரு இருந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறது. குழு போய்விட்டது. நாங்கள் எதிர்த்த குறிகாரர்கள் எல்லாம் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டார்கள். அங்கே போய் யார் தாடியைக் கழற்றுவது என்று தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன் ரோட்டை அகலப்படுத்தக் கிடங்குச் சுவரையும் இடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது நீலம் பூசிய செங்கல் துண்டுகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

அக்காவிடம் நான்தான் சொல்லியாக வேண்டும். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். குடியிருப்பு வாசலில் தலை நரைத்து உட்கார்ந்து நெத்திலியில் மண் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ரோடு வேலை, இடிப்பு என்று சுற்றிவளைத்து, கடைசியில், சுவர் போய்விட்டது அக்கா என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“வேற செவுரு பாரு.”