மதினிக்கு அனுப்பிய தேங்காய்ப்பூ

என் கணவருக்கு வயிற்றில் புண் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். காலை ஐந்து மணிக்கு ஒரு டீ, பதினொரு மணிக்கு இன்னொரு டீ, மூன்று மணிக்கு ஏதாவது ஒரு கடையில் புரோட்டா. வயிறு எத்தனை நாள்தான் பொறுக்கும்? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருடைய அக்கா, அதாவது என் மதினி, தேங்காய் கொடுத்துவிட்டார்.

மதினி வாக்கப்பட்ட வீட்டுக்கு நத்தம் பக்கம் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு மூட்டை தேங்காய் என் கணவரின் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடும். "தெனமும் வெறும் வயித்துல தேங்காப்பால் குடுத்துட்டு வாத்தா, புண்ணு தன்னால ஆறும்" என்று முதல் மூட்டையோடு சொல்லி அனுப்பினார்.

விடிந்ததும் அதுதான் எனக்கு முதல் வேலை. ஒரு காயை உடைத்து, அரிவாள்மனை நுனியில் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் ஒரு ஓட்டு. பிறகு பழைய வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிவேன். கெட்டியாக இறங்குகிற முதல் பால், கருப்பட்டி தட்டிப் போட்டு, அவருக்கு. இரண்டாம் பால் மணத்தக்காளிக் கீரைக்கு. மூன்றாவது பெயருக்குத்தான் பால், அதையும் விடாமல் குழம்பில் ஊற்றிவிடுவேன். துணியில் மிஞ்சுவது சக்கை.

அந்தச் சக்கையைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. நான் பிறந்தது அய்யலூர்ப் பக்கம், மழையை நம்பிய மானாவாரிக் காட்டில். எங்களுக்கு ஆடுதான் சொத்து. தேங்காய் என்பது கடையில் ஒன்று வாங்கி, இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிற பொருள். அதில் பால் பிழிந்து குடிப்பதெல்லாம் எங்கள் வீட்டில் கேள்விப்படாத ஆடம்பரம்.

ஒருநாள் சக்கையை அகலமான தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணியைக் கட்டி மொட்டை மாடியில் வைத்தேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்குப் பத்து நாளும் ஆகும், பன்னிரண்டு நாளும் ஆகும். வெயில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் தட்டில் இருந்தது ரவை மாதிரி உதிர்ந்தது. இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டினேன். பேக்கரியில் பன் மேல் தேங்காய்ப்பூ தூவியிருப்பார்களே, அதேபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது சர்க்கரை என்று அப்போது உறைக்கவில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு. யாரிடமாவது சும்மா ஒரு பொருளை வாங்கிவிட்டால் சோறு இறங்காது. மதினியோ எதைக் கொடுத்தாலும் "எனக்கு எதுக்குத்தா, பிள்ளைகளுக்கு வச்சுக்க" என்று திருப்பிவிடுவார். மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தது எனக்கு அவமானமாக இருந்தது. இந்தத் தேங்காய்ப்பூவைப் பார்த்ததும் கவலை விட்டது. பத்து நாள் சக்கையைச் சேர்த்துக் காயவைத்து, இரண்டு பெரிய கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, பழைய சேலைத் துண்டால் சுற்றி அவரிடம் கொடுத்தேன்.

"நானே வீட்டுல செஞ்சதுன்னு சொல்லுங்க. பர்பி செய்யலாமாம்னு சொல்லுங்க."

அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மூட்டை வந்தது, அதற்கடுத்த மூட்டையும் வந்தது. மூன்று மாதம் ஓடியும் பாட்டிலைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க அக்கா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துருமா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார். இத்தனைக்கும் அவர் வயிறு தேறிக்கொண்டிருந்தது. வலி வந்து சுவரோரம் குன்றி உட்கார்வது நின்றிருந்தது, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அதைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. தோப்புக்காரிக்கு நம் பொருள் இளக்காரம் என்று முடிவு கட்டினேன். "அடுத்த மூட்டை வரட்டும், வந்த பஸ்ஸிலேயே திருப்பி ஏத்தி விடுறேன்" என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன்.

அந்த மூட்டை வருவதற்குள் மதினி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. முறைப்புக் காட்டிக்கொண்டே நானும் போனேன். அங்கே பின்கட்டில் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் எடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அதில் என் கை பழகிய கை அல்லவா. முதல் பாலை எடுத்து ஒரு பாத்திரத்தில் தனியாக வைத்தேன். மூன்று தடவை பிழிந்து முடித்து, சக்கையை ஒரு தட்டில் பத்திரமாகக் குவித்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினியின் ஓரகத்தி என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னத்தா, இதையும் காயவச்சு பாட்டில்ல போட்டு அனுப்பப் போறியா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று மதினி என் தேங்காய்ப்பூவில் பர்பி போட்டிருக்கிறார். ஒருத்தரும் ஒரு கடிக்கு மேல் தின்னவில்லை. "மரத்தூளை மென்ன மாதிரியில்ல இருந்துச்சு! மாப்ளையோட அம்மா, 'தோப்பு வச்சிருக்கீக, ஒரு பர்பி போடத் தெரியலையே'ன்னு கேட்டுப்புட்டாக. உங்க மதினி, நாந்தேன் பக்குவம் தப்பிட்டேன்னு சிரிச்சு மழுப்புச்சு."

அதற்குள் அங்கே வந்துவிட்ட மதினி அவளை ஒரு அதட்டுப் போட்டு வெளியே அனுப்பினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தேங்காயைச் சும்மா கொடுத்தவருக்கு அதன் சக்கையைச் சீர் மாதிரி அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதம் அவரையே திட்டியும் தீர்த்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மதினி?"

"பாட்டில தொறந்து ஒரு கிள்ளு வாயில வச்சதுமே தெரியும்த்தா. எண்ணெய்ப் பசையே இல்லையே."

"பெறகு ஏன் அதுல பர்பி போட்டீக?"

"நீ பர்பிக்குன்னு சொல்லி அனுப்புன. நெய்யக் கூட ஊத்துனா சரியாயிரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மதினி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீ ரோசக்காரி. சொன்னா தேங்காயே வேணாம்னுருவ. அப்புறம் எந்தம்பி வயிறு என்னத்துக்கு ஆகும்? அவன்தேன் சொன்னான், எதுவும் கேட்டுக்கிறாத அக்கான்னு."

என் கோபத்துக்குப் பயந்து அக்காவும் தம்பியும் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தைத்தான் நான் தன்மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அடக்கவும் முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மதினி, அடுத்த மூட்டையில அஞ்சு காய் கூடப் போட்டு அனுப்புங்க."

"ஏன், அவனுக்குப் பத்தலையா?"

"அவருக்குப் போதும். எனக்கு வேணும். நான் இதுவரைக்கும் மொதப்பால் குடிச்சதே இல்ல."

யாரிடமும் எனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மதினி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். எழுந்துபோய் ஒரு டம்ளரை எடுத்துவந்து, நான் தனியாக வைத்திருந்த முதல் பாலை அதில் நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"பாயசம் தண்ணியாப் போயிருமே மதினி."

"போனாப் போகுது. எம்பக்குவம்தேன் மாப்ள வீட்டுக்கு ஏற்கெனவே தெரியுமே. நீ குடி."

குடித்தேன்.