பாதி முகமும் ஒரு கண்ணாடியும்: ஆரணியிலிருந்து சென்னையின் கலைக்கூடங்களுக்கு ஒரு நாள்

கடந்த பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வழக்கறிஞர்கள் நீதிமன்றப் பணியைப் புறக்கணித்த காரணத்தால் எனக்கு ஒரு முழு நாள் கிடைத்தது. அந்த நாளில் நானும் என் மனைவி கௌரியும் சென்னையிலுள்ள சமகால ஓவியக் காட்சிக்கூடங்கள் மூன்றைப் பார்த்துத் திரும்பினோம். இதே பயணத்தைத் திட்டமிடுவோருக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன். கூடங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் தரப்பு இங்கே இல்லாதபோது அவர்களைப் பெயர் சொல்லிக் குறை கூறுவது முறையாகாது.

மூன்றில் இரண்டு, வேடிக்கை பார்ப்பதற்காக நாங்கள் சென்றவை. பயணத்தின் உண்மையான நோக்கம் மூன்றாவதுதான். ஆழ்வார்பேட்டையிலுள்ள அந்தக் கூடம், வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் புதியவர்கள் தங்கள் படங்களை நேரில் கொண்டுவந்து காட்டலாம் என்று அறிவித்திருந்தது. பிடித்தவற்றைக் கோடைக்காலக் கண்காட்சியில் மாட்டுவார்களாம். கௌரி அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

கௌரி பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுபவள். முந்தியிலும் கரையிலும் வரும் உருவங்களைக் கட்டம் கட்டமாக நிரப்புவது அவளது தொழில். தொழிலுக்குக் கணினி. தனக்கென்று வரைவது மட்டும் கிராஃப் தாளில், கையால், போஸ்டர் வண்ணத்தில். பதினோரு ஆண்டுகளாக வரைகிறாள். மயில், மாங்காய் எதுவும் அதில் இருக்காது. டவுன் பஸ்ஸின் முன்பக்கம், கேஸ் சிலிண்டர், சார்பதிவாளர் அலுவலகத்தின் நாற்காலி, இப்படித்தான் இருக்கும். ஊரில் யாரிடம் காட்டினாலும், "நல்லாத்தான் இருக்குது. இத்த எந்த முந்தியில போடறது?" என்பதே கேள்வி.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு உணவின்போது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். "அவங்க எடுத்தா தொடர்ந்து போடறேங்க. எடுக்கலன்னா இதோட உட்டுடறேன். புடவைக்கும் ஆவாத சொவத்துக்கும் ஆவாத எத்தினி வருசம் போட்டுகினு இருக்கறது?"

காலை ஐந்து நாற்பதுக்கு, காஞ்சிபுரம், பூந்தமல்லி வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினோம். தூரம் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர், கட்டணம் ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய் (அன்றைய நிலவரம், மாறியிருக்கலாம்). மூன்று படங்களைச் சுருட்டி நீளமான பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்திருந்தோம். மேலே வைக்கும் இடத்தில் அது நிற்கவில்லை. கோயம்பேடு வரை என் மடியிலேயே வந்தது.

வழியில் அவளுக்கு ஓர் ஆலோசனை கூறினேன். கூண்டில் ஏறும் சாட்சிகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதுதான் அது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காத எதையும் தானாக முன்வந்து சொல்லக் கூடாது.

"சரிங்க வக்கீல் சார்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

கோயம்பேட்டில் சிற்றுண்டி முடித்து ஆட்டோ பிடித்தோம். நுங்கம்பாக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய். முந்நூறில் தொடங்கிய பேரம் அது. ஓட்டுநர் குழாயைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆஸ்பத்திரியா சார்? எக்ஸ்ரேவா அது?"

"இல்லைங்க. ஓவியம். காட்சிக்கூடத்துக்குப் போகிறோம்."

"அட, நல்ல செய்தி. நுங்கம்பாக்கம்னா முக்காவாசி பேரு பேஜாரோடதான் சார் ஏறுவாங்க."

முதல் கூடம் பதினொரு மணிக்குத் திறக்கிறது, நுழைவு இலவசம். பழைய பங்களாவை உள்ளே முழுவதும் வெள்ளையாக்கியிருக்கிறார்கள். வரவேற்பு மேசையிலிருந்த பெண் தலை நிமிராமல், "பார்சலா சார்? அங்க ஓரமா வெச்சிட்டுப் போங்க" என்றார்.

"பார்சல் இல்லம்மா. படம் பாக்க வந்தோம்" என்றாள் கௌரி.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "ஓ, சாரி மேம்" என்றார். பிறகு எங்கள் செருப்பைப் பார்த்தார். செருப்போடு போகலாமா என்று கேட்டேன்; போகலாமாம். உள்ளே ஒரு பெரிய அறையில், தரை முழுவதும் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கப்பட்டிருந்தன. சுவரில் ஒரு பக்க அளவுக்கு ஆங்கில விளக்கம். அதை முழுவதும் படித்தேன். குடங்களுக்குச் செலவிட்டதைவிட விளக்கத்துக்கே அதிக நேரம் செலவிட்டேன். கௌரி குடங்களை மட்டும் பார்த்தாள்.

இரண்டாவது கூடம் தேனாம்பேட்டையில், ஒரு வணிக வளாகத்தின் மாடியில். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். பத்தடி நீளத்தில் ஒரு கித்தான் ஓவியம். முழுக்கச் சாம்பல் நிறம். நாங்கள் இருவரும் அதன் முன் வெகுநேரம் நின்றோம்.

"பத்தடிக்கும் ஒரே கலரு. நெய்றவருக்கு நல்ல ரெஸ்ட்டு" என்றாள்.

நான் சிரித்தது அங்கே எதிரொலித்தது. காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு ஆழ்வார்பேட்டை. கூடத்தின் உரிமையாளர் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார். தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைக் கூட்டினார், நீளமான மேசையில் தாமே இடம் ஒதுக்கினார். அவர் எங்களை அவமதிக்கவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். நடந்தது அதனால் எளிதாகிவிடவில்லை.

கௌரியின் படங்களைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவை எல்லாமே பாதிப் படங்கள். டவுன் பஸ்ஸின் இடப்பாதி மட்டும் இருக்கும். தாளின் நடுக்கோட்டில் அது வெட்டினாற்போல் நிற்கும். மறுபாதி வெறும் கட்டங்கள். இருபுறமும் ஒன்றாக இருக்கும் உருவத்துக்கு ஒரு பக்கம் போட்டால் போதும். மறுபக்கத்தைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். எங்கள் ஊரில் டிசைன் போடுவோருக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. முழு உருவம் எப்படி வரும் என்று பார்க்க, விளிம்பு கட்டாத, முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றை நடுக்கோட்டில் செங்குத்தாக நிறுத்துவார்கள். கௌரியின் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். தனக்காக வரையும்போதும் அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது.

அம்மையார் மூன்றாவது படத்தின் முன் நின்றுவிட்டார். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக என் முகத்தின் இடப்பாதி அது. அவர் விரல்கள், கட்டங்கள் வெறுமையாகும் அந்தக் கோட்டின்மேலேயே போய்வந்தன.

"ஒரு படத்த இவ்வளவு தைரியமா பாதில யாரும் நிறுத்தி நான் பாத்ததில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது நீங்கதானே? உங்க பவரை அப்படியே பாதில கட் பண்ணியிருக்காங்க. அந்த எம்ப்டி ஸ்பேஸ்தான் படமே. இத நான் கண்டிப்பா மாட்டணும்" என்றார்.

மேசைக்கடியில் கௌரியின் பாதத்தை என் பாதத்தால் மெல்லத் தொட்டேன். கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. பதில் எதுவும் தேவையில்லை.

"இல்லீங்க மேடம்" என்றாள் கௌரி. "பவரு கிவரெல்லாம் இல்ல. இவருக்கு வலது காது கொஞ்சம் பெருசு. இந்த இடது பக்கமே போட்டா ரெண்டும் அளவா வந்துடும்னு போட்டேன். இருங்க, காட்டறேன்."

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நடுக்கோட்டில் நிறுத்தினாள். இரண்டு கண்களும், முழுக் கழுத்துப்பட்டையும், அளவான இரு காதுகளுமாக நான் அங்கே இருந்தேன். பஸ்ஸுக்கும் வைத்துக் காட்டினாள். நாற்காலிக்கும் காட்டினாள். அவள் முகத்தில் அப்போதிருந்த மலர்ச்சியை நான் வீட்டில்கூட அதிகம் பார்த்ததில்லை.

அம்மையார் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "ஓ" என்றார். "அப்போ இது சிமெட்ரி. புடவை டிசைன் மாதிரி."

"மாதிரி இல்லீங்க மேடம், அதே முறைதான்."

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நிஜமாவே. ஆனா இது கைவினைல வரும். கைவினைக் கண்காட்சி நடத்தறவங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நம்பர் தரட்டுமா?"

"அவங்க புடவை எங்கேன்னு கேப்பாங்க மேடம்."

அம்மையார் சிரித்தார். கௌரியும் சிரித்தாள். எண்ணைக் குறித்துக்கொடுத்தார். மூன்று படங்களையும் நானே சுருட்டினேன்.

கோயம்பேட்டில் ஆரணிப் பேருந்து கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பூந்தமல்லி தாண்டியது. கௌரி கேட்டாள்: "நான் கண்ணாடிய எடுக்காம இருந்திருந்தா எடுத்துகினு இருப்பாங்க, இல்லீங்க?"

"உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன்.

"நீங்க எதத்தான் உறுதியா சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. யோசித்துப் பார்த்ததில், அந்த முகம் தமது மனத்தைவிட்டு அகலவில்லையாம். அதை மட்டும் கோடைக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறார். நிபந்தனைகள் இரண்டு. படத்துக்கான விளக்கத்தைக் கூடமே எழுதும். கண்ணாடியைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. இரண்டிலும் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. அதைத்தான் கௌரியிடம் சொன்னேன். முடிவு அவளுடையது என்றும் சொன்னேன். அவள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தாள்.

மறுநாள் மாலை நான் நீதிமன்றத்திலிருந்து வந்தபோது, படம் சாப்பாட்டு மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. வலப்பாதியையும் நிரப்பியிருந்தாள். கண்ணாடியில் தெரிந்த வலப்பாதி அல்ல அது; உள்ளபடியே உள்ள என் வலப்பாதி. இமை சற்றுத் தாழ்ந்தும், மீசை ஒரு நூல் ஏறியும், காது பெரிதாகவும் இருந்தது.

"இப்ப அனுப்புங்க" என்றாள்.

படம் தாங்கள் கோரிய நிலையில் தற்போது இல்லை என்றும், முழுமையாக உள்ளது என்றும், இந்நிலையில் தங்களுக்கு ஏற்புடையதா எனத் தெரிவிக்குமாறும் எழுதி, புகைப்படத்தை இணைத்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. கோடைக் கண்காட்சி தொடங்கிவிட்டதை அவர்களது இணையப் பக்கத்தில் பார்த்தேன்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பெரும்பாலான கூடங்கள் பதினொரு மணிக்கு முன் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா என்று தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது நல்லது. நுழைவுக்கட்டணம் நாங்கள் எங்கும் தரவில்லை. படம் கொண்டு செல்வோர், குழாயின்மேல் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டவும். பார்சல் என்று எண்ண மாட்டார்கள். இருவருக்கும் சேர்த்து, உணவு உட்பட, ஆயிரத்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. சுவரிலுள்ள விளக்கங்களைப் படங்களைப் பார்த்த பிறகு படிக்கவும்.

உங்கள் படம் எப்படி உருவானது என்பதை அங்கே சொல்லலாமா கூடாதா என்பதில் மட்டும் நான் ஆலோசனை தரும் நிலையில் இல்லை. கிராஃப் தாள் வாங்கிவரச் சொல்லி கௌரி என்னிடம் கடைசியாகக் கேட்டு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் கண்ணாடியை அவள் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டாள். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் முகம் மழிக்கிறேன். வலது காது பெரியதுதான்.