சின்ன வளைவு

எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அலைந்து, கட்டட பிளான் வரைந்து கொடுத்துப் பிழைத்துவந்தேன். இது இரண்டில் எந்த ஊரில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. தப்பு ஊருடையது அல்ல, என்னுடையது.

கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி பின்பக்கத்துக் காலி மனையையும் சேர்த்து மூன்று மாடி எழுப்ப நினைத்தார். கடையை ஒட்டி ஒரு சந்து, அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. அங்கே ஒரு டெய்லரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வேதக்காரக் குடும்பம். டெய்லர் வாதம் வந்து படுக்கையில் கிடந்ததால், ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா மட்டும் சர்ச்சுக்குப் போய்வருவார்.

சந்தின் வாசலில் டேப்பைப் பிடித்தேன். மூன்றடி இருந்தது. அதோடு சுருட்டிவிட்டேன். வாசலில் அளந்துவிட்டு மீதியை மேஜையில் ஸ்கேலை வைத்து இழுத்துவிடுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். யார் சாக்கடையை மிதித்துக்கொண்டு உள்ளே போவது? ஆனால் அந்தச் சந்து பாதியில் முழங்கை மாதிரி மடங்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் கல்யாணச் சட்டையே அந்த டெய்லர் தைத்ததுதான். மடிப்பில் காலி மனை திறந்து கிடந்ததால் கட்டில், பீரோ எல்லாம் அதில் இறங்கித் திரும்பிப் போகும். மனையில் சுவர் எழும்பினால் திரும்பாது. இதை யோசிக்க ஒரு நிமிஷம் போதும். யோசிக்கவில்லை, மடையன்.

நகராட்சிக் கூட்டத்தில் பிளானை விரித்துவைத்து நின்றேன். டெய்லர் மனைவி மனு கொடுத்திருந்ததால் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்னம்மா, உங்களுக்கு என்ன கொறை?" என்றார் தலைவர்.

"சந்து வளையுதுய்யா. அந்த மூலையில சுவர் வச்சா எங்க வீட்டுக்காரரு பெட்டி வெளிய வராது."

"எந்தப் பெட்டி?"

"சவப்பெட்டிய்யா."

ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். "ஏம்மா, மனுசன் உசுரோட இருக்காரு. இப்பவே பெட்டிக்கு அளவெடுக்கியளா?"

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"டாக்டர் கைய விரிச்சிட்டாருய்யா," என்றார் அந்தம்மா. "அவிய ஊருக்கே அளவெடுத்துத் தச்ச மனுசன். கடைசில வீட்டுலருந்து மரியாதையா பெட்டியில போவணும். வேற ஒண்ணும் கேக்கல."

தலைவர் பிளானைப் பார்த்தார். அதில் சந்து நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"இந்தம்மா வளையுதுன்னு சொல்லுது. நீரு நேரா போட்டிருக்கீரு. என்ன சங்கதி?"

முதலாளி எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் வீட்டு பிளானும் என்னிடம் வருவதாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் 'தப்பா வரைஞ்சிட்டேன், திரும்ப அளக்கணும்' என்று சொன்னால் என் பெயர் என்ன ஆவது? பெரிய இஞ்சினீயர் என்ற நினைப்பு, தூ!

"சின்ன வளைவுதாங்க. ஆள் நடக்க ஒரு கஷ்டமும் இல்ல," என்றேன்.

மேஜையைத் தட்டினார்கள், தீர்மானம் நிறைவேறியது. கோர்ட்டுக்குப் போகும்படி யாரோ அந்தம்மாவுக்கு யோசனை சொன்னார்கள். படுக்கையில் கிடப்பவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்?

மாடி எழும்பி, பெயிண்ட் அடித்து, கடை திறந்தார்கள். அந்த ஐப்பசி மழையில் டெய்லர் இறந்துபோனார். சாவு வீட்டுக்கு நான் போகாமல் இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. வெறும் பெட்டியைச் சந்துக்குள் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மடிப்பில் முட்டிக்கொண்டு நின்றது. செங்குத்தாக நிமிர்த்தினால் போகும். உள்ளே மனிதன் படுத்திருக்கும்போது பெட்டியை நிமிர்த்தவா முடியும்? கடை வழியாக எடுத்துப்போகக் கேட்டதற்கு, வியாபார நேரம் என்று மறுத்துவிட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துவந்து கடைவீதியில், மழையில் வைத்தார்கள். உடம்பை ஜமுக்காளத்தில் வைத்துத் தூக்கிவருவது என்று முடிவாயிற்று.

வீட்டுச் சுவரோரமாக நின்றிருந்தேன். அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. ஜமுக்காளத்தின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"தலைமாட்ட நீங்க பிடிங்க தம்பி. சின்ன வளைவுதான், அவியளுக்குத் தலை இடிச்சிராம பாத்துத் திருப்புங்க."