வடத்தின் கடைசி ஆள்

யுத்த காலம் அது. மண்ணெண்ணெய்க்காக நாயாய் அலைந்த ஒரு வருஷத்துத் தைப்பூசத்தன்று, வண்டியூர் தெப்பக்குளத்தில் நடந்தது இது.

மீனாட்சியம்மனும் சுவாமியும் எழுந்தருளும் தெப்பத்தை, கரையில் நடந்தபடி வடம் பிடித்து இழுப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பாத்தியதை. வடத்தின் தலைப்பைப் பிடிப்பவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்கள். என் அப்பா இருந்தவரை அவர்தான் பிடித்தார். அவர் காலமான பின் வந்த முதல் தெப்பம் அது. இனி அந்த இடம் எனக்குத்தான் என்று புது வேட்டி எடுத்து, நாற்பத்தெட்டு நாள் விரதமும் இருந்தேன். விரதம் அம்மனுக்கா, பரிவட்டத்துக்கா என்று யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

கரைக்குப் போனால், பெரியப்பா மகன் எனக்கு முன்பே தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணே, தள்ளுங்க. அது எங்கப்பா நின்ன எடம்."

"உங்கப்பனுக்கு முந்தி எங்கப்பன் நின்ன எடம்டா. மூத்தவன் நான் இருக்கேன்ல?"

நானும் பிடித்தேன். இருவரும் விடவில்லை. பின்னால் ஊரே வடத்தோடு நிற்க, தெப்பம் அசையாமல் கிடந்தது. வெயில் ஏறியது. தெப்பத்திலிருந்த பட்டர் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோனார். சுவரோரம் நின்ற ஒரு அம்மாள்தான் சத்தம் போட்டார்:

"ஏப்பா, தெப்பத்த இழுக்கச் சொன்னா ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கிட்டு நிக்கிறீகளே! ஆத்தா எம்புட்டு நேரமா வெயில்ல கெடக்கா, திரும்பிப் பாருங்கய்யா!"

கூட்டம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து அம்மன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கை தானாக வடத்தை விட்டது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நடந்தேன். வடத்தின் கடைசியில், குளத்து மூலையில், ஒருவர் தனியாகத் திணறிக்கொண்டிருந்தார். நனைந்த வடம் சுவரில் சிக்காமல் தூக்கிக் கொடுக்க வேண்டும். சேறும் பாசியுமாக, யாரும் ஆசைப்படாத வேலை. பார்த்துவிட்டுப் போக மனசு வரவில்லை, தோள் கொடுத்தேன்.

"புது வேட்டியா? போச்சு மாப்ள!" என்றார் அவர்.

தெப்பம் நகர்ந்தது.

மூலை திரும்பியதும் நிமிர்ந்தேன். வடத்தின் தலைப்பு எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. தெப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது நாங்கள்தான். பூவுக்குள் அம்மன் முகம் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

அடுத்த வருஷம் அண்ணனே கூப்பிட்டார். "தம்பி, இந்தத் தடவ நீ முன்னால நில்லுடா."

"வேணாம்ணே, நான் பின்னாடியே போறேன்" என்று மூலைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு தெப்பத்துக்கும் அந்த இடத்தை நான் விட்டதில்லை. "ஊருல எல்லாரும் விபூதி குங்குமம் கொண்டு வாராக, எங்க வீட்டுக்காரரு சேறு கொண்டு வாராரு" என்று என் மனைவி வேட்டி துவைத்துக்கொண்டே சிரிப்பாள்.

பரிவட்டம் என் தலைக்கு வரவே இல்லை. ஆனால் தோளில் வடம் தேய்த்த தழும்பு கையில் படும்போதெல்லாம், நான் விட்டுக்கொடுத்த பிறகுதான் அம்மன் தெப்பம் நகர்ந்தது என்ற பெருமையில் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகிறது.