கதவில் சிக்கிய முந்தானை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி கடுமையாகி, போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குச் சின்ன விமானத்தில் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் எனக்கு இடம். பைலட் கதவைச் சாத்தியபோது என் முந்தானை நுனி அதில் சிக்கிக்கொண்டது. ஆம்பளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மேலே ஏறியதும் கதவோரம் உஸ்ஸென்று சத்தம். காது அடைத்தது. உள்ளே காற்றழுத்தம் நிற்கவில்லை என்று பைலட் விமானத்தைத் திருப்பிவிட்டார். கதவு திறந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரை இறக்கி ஆம்புலன்சில் வைத்தார்கள். மெக்கானிக் விமானத்துக்குள் காற்றை ஏற்றி, கதவு ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பைலட்டிடம் சொன்னார்:

"ரப்பர் முழுக்கச் சரியா இருக்கு சார். ஆனா காரணம் தெரியாம நோயாளியை எப்படி ஏத்துறது? மெயின்லேண்டிலிருந்து புது ரப்பர் வரட்டும், நாளைக்குப் பார்ப்போம்."

நாளை வரை அவர் தாங்குவாரா? கதவு ரப்பரின் கறுப்புக் கறை படிந்த முந்தானையை எடுத்துக் காட்டினேன். "இதுதான் சார் கதவுல மாட்டிக்கிச்சு. சொல்ல வெக்கமா இருந்திச்சு."

பைலட் அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார். "கதவைச் சாத்தினது நான்மா. பார்த்திருக்க வேண்டியதும் நான்தான்."

ஆம்புலன்சுக்குள்ளிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது. "இப்பவாச்சும் வாயத் திறந்தியே."

காரணம் தெரிந்துவிட்டதால் அதே விமானத்தில் அன்றைக்கே சென்னை சேர்ந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து என் வாயடக்கத்தை எல்லோரும் மெச்சியிருக்கிறார்கள். அது ஓர் உயிரைக் கேட்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.