‘என்கிற’ என்று ஒரு சொல்

மூன்று வருடம் நான் வாலாஜாபாத் பேருந்தில் ஏறவில்லை. அந்த ஊர்ப் பெயரை வண்டியின் முகப்பில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த ஊரில்தான் கர்த்தர் எனக்கு இரங்கினார் என்பதைச் சபையாராகிய உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏனாத்தூரில் குடியிருக்கிறேன். கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை. எனக்கு ஒரே மகள், கிரேசி. அவள் கணவர் முருகேசன், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். ஞானஸ்நானம் எடுத்தபோது அவருக்கு ஸ்தேவான் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. பள்ளிச் சான்றிதழுக்கு ஒன்று, ஜெபத்துக்கு ஒன்று. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

அன்று வைகாசி கருட சேவை. காஞ்சிபுரம் முழுக்கக் கூட்டம். வேலைக்கு விடுமுறை என்பதால் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. “டவுனுக்குள்ள வண்டி நுழையாது சார். வாலாஜாபாத் போயிடலாம்” என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். கிரேசிக்கு அப்போது எட்டு மாதம். நான் மட்டும் ஏறினேன்.

வழி முழுக்க ஒரே ஜெபம்தான். “ஆண்டவரே, ஸ்தேவானைக் காப்பாற்றும். ஸ்தேவானைக் காப்பாற்றும்.” வேறு வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

வாலாஜாபாத் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. நர்ஸ் அவர் கையைத் தூக்கிப் பார்த்து, “என்ன இது, ரத்தமா?” என்றார். “இல்லம்மா, சாயம்” என்றேன். டாக்டர் பார்த்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். அதன் பிறகு யாரோ ஏதேதோ கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று வெகு நாள் வரை எனக்கு நினைவில்லை.

மறுநாள் அடக்க ஆராதனை. எங்கள் உபதேசியார் சபைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, மாப்பிள்ளைக்கு ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல என்னா பேரு இருக்குது?” என்று கேட்டார். பெட்டியை மூடப்போகிற நேரம். “இப்ப அதுவாய்யா முக்கியம்?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் வேறு யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு, சபை முத்திரையோடு ஒரு சீட்டும் கொடுத்தார். கிரேசி அதை லேமினேட் செய்து வேதாகமத்துக்குள் வைத்தாள். அதுதான் இறப்புச் சான்றிதழ் என்று நாங்கள் நினைத்திருந்தோம். படித்தவன்தான் நான். ஆனாலும் அந்தத் தாளை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பேத்தி பிறந்தாள். கிரேசி அதிகம் பேசமாட்டாள். இரவில் அவள் தூங்குகிறாளா என்று நானும் என் மனைவியும் மாறி மாறிப் பார்ப்போம்.

இந்த வருடம் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை என்று இருந்தது. கிரேசி தானாகவே போய் விண்ணப்பித்தாள். மூன்று வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது. நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழ் அசல் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. பதினோரு நாள் இருந்தது.

சந்தேகத்துக்கு விசாரித்துக்கொள்ளலாம் என்று காஞ்சிபுரத்தில் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போனோம். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வரிசைக்கே மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஜன்னலில் இருந்தவர் எங்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது சர்ச்சுல குடுத்த சீட்டு. இத்த லேமினேட் பண்ணி வெச்சுக்கினு டெத் சர்ட்டிபிகேட்டுன்னு சொல்லிக்கினு இருக்கீங்களா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். “வுடுப்பா, வா” என்று கிரேசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முருகேசன் என்ற பெயரில், அந்த நாளில், அங்கே பதிவு எதுவும் இல்லை. கணினி மையத்தில் இணையத்தில் தேடினோம். இல்லை.

அடுத்து எங்கள் கிராமத்துப் பதிவேடு இருக்கும் அலுவலகம். அங்கே ஓர் இளம்பெண் அதிகாரி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“உயிர் எங்க போச்சு சார்?”

எங்கே குடியிருந்தார், எங்கே அடக்கம் செய்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். “வழியிலம்மா, ஆம்புலன்ஸ்ல” என்றேன்.

“அப்ப இங்க இருக்காது சார். வீடு எங்க இருக்குதுன்றது கணக்கில்ல, சாவு எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவாகும். ஓடுற வண்டியில உயிர் போனா, வண்டி மொதல்ல எங்க நின்னுதோ அந்த ஊரு. எங்க நின்னுது?”

கிரேசிதான் சொன்னாள். “வாலாஜாபாத் மேடம்.”

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நானும் கிரேசியும் நின்றோம். முதல் வண்டி வந்தது. என் கால் எழவில்லை. வண்டி போய்விட்டது. கிரேசி என்னைப் பார்த்தாள். அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தேன். “ஆண்டவரே, அன்றைக்கு நான் கேட்டதை நீர் தரவில்லை. அந்தக் கோபம் எனக்குள் இருக்கிறது, உமக்கே தெரியும். அந்த ஊரில் என்னால் தனியாக நிற்க முடியாது. நீர் கூட வாரும். என் பிள்ளைக்கு ஒரு வழி காட்டும்.” அடுத்த வண்டியில் ஏறினேன்.

அங்கே பதிவு அலுவலகத்தில் நடுத்தர வயது அம்மா ஒருவர். முருகேசன் என்ற பெயரையும் இறந்த தேதியையும் சொன்னேன். தேடினார். “இல்லீங்களே ஐயா” என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கிரேசி எழுந்துவிட்டாள்.

“இரும்மா, உக்காரு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து ஒரே ஒரு ஆம்பளப் பேருதான் வந்துக்குது. ஆனா பேரு வேற. ஸ்தேவான். ஊரு ஏனாத்தூர். சம்சாரம் கிரேசி.” கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “கிரேசி யாரு, நீயாம்மா?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவு வந்தது. நர்ஸ் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டார். நான் சொன்னது, வழி முழுக்க ஜெபத்தில் சொல்லிக்கொண்டு வந்த பெயர். ஆண்டவர் காதில் விழாத ஜெபம் என்று மூன்று வருடமாக நான் நினைத்திருந்த அதே பெயர், அந்தப் புத்தகத்தில் மையால் எழுதியிருந்தது. மேசையில் தலை வைத்து அழுதேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். “அழுவாதீங்க ஐயா. பதிவுதான் கெடச்சிடுச்சே” என்றார். பிறகு தயங்கினார். “ஆனா ஸ்தேவானும் முருகேசனும் ஒரே ஆளுன்னு காட்ட எதுனா இருக்குதா? ஆதார்ல முருகேசன்னுதான இருக்கும்?”

கிரேசி பையைத் திறந்து வேதாகமத்தை எடுத்தாள். அந்த லேமினேட் சீட்டை எடுத்து நீட்டினாள். காஞ்சிபுரத்தில் சிரிப்புக்கு இடமான அதே சீட்டு. அந்த அம்மா சத்தமாக வாசித்தார்.

“ஸ்தேவான் என்கிற முருகேசன்.”

விரலை ‘என்கிற’ மேலே வைத்துக்கொண்டு சிரித்தார். “யாரு எழுதினாங்களோ, புண்ணியவான். இத்த வெச்சு விண்ணப்பம் குடுங்க. கூட ரெண்டு பேரு வந்து சாட்சி கையெழுத்து போடட்டும். பேரத் திருத்திடலாம்.”

அன்று மாலையே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். “நீ கத்துனது எனக்கு மறந்தே போச்சு தம்பி. ஆனா பேரு ரெண்டு இருந்தா ரெண்டையும் எழுதணும், இல்லன்னா நாளைக்கு அந்தப் பொண்ணுதான் அலையும்” என்றார். இரண்டு சாட்சிகளில் ஒருவராக அவரே வந்து கையெழுத்துப் போட்டார். நேர்காணலுக்கு முந்தின நாள் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதிலும் அந்தச் சொல் இருக்கிறது.

கிரேசிக்கு வேலை கிடைத்தது. காலையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிறாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குரல் தெருமுனை வரை கேட்கிறது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு ஆடுகிறது. ஆனால் வாலாஜாபாத் பேருந்தில் ஏறுகிறேன். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லவும் ஒரு நாள் போய்வந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தாள் தேட வேண்டியிருந்தால், உயிர் எங்கே போனது, வண்டி எங்கே நின்றது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். அங்கே யார் வாயால் என்ன பெயர் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். போக முடியாத ஊராக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன். அதற்கு முன் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நம் வண்டி நின்றுபோன இடத்தில் அவர் நமக்கு முன்பே நின்றுகொண்டிருக்கிறார். நாம் அழுது சொன்ன பெயர் ஒன்றுகூட அவரிடம் பதிவாகாமல் போவதில்லை.