மாசியில் விதைத்த கீரை

ஈரச் சாக்கைத் தூக்கும்போதே சிசிலி செடிகளைத் திட்டத் தொடங்கிவிடுவார். "தண்ணி குடிக்கத் தெரியுது, வளரத் தெரியலையாட்டி? மூதேவி, என்னத்த மொறைக்க." சுவரோரம் நாலு மூங்கில் நட்டு, மேலே நனைத்த சணல் சாக்கு விரித்து, அந்த நிழலில் லெட்யூஸ் கீரை வளர்த்தார். அதுவும் மலையடிவாரத்து முதலமடையில், மாமரம் தவிர மற்றதெல்லாம் துவண்டு நிற்கும் வெயிலில்.

களை எடுக்கும்போது இரண்டு கையும் சேர்ந்தே ஓடும். கொழுந்து பறித்த கை. கல்யாணமான நாளிலிருந்து இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்து வேலை. தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டின் பின்னால் பாய் விரிக்கும் அளவுக்கு மண் இருந்தது. அதில் லெட்யூஸ் பந்து பந்தாக வரும். லயத்தில் வேறு யாரும் அதை வாயில் வைத்ததில்லை. ஆட்டுத் தழை என்று கேலி செய்வார்கள். சிசிலி உப்புத் தூவி, எலுமிச்சை பிழிந்து பச்சையாகத் தின்பார். "ஆடு சீக்கில்லாமத்தானே இருக்கு" என்பார்.

ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தால்தான் வீடு நிற்கும். மகள் ஷீனா அதற்குள் முதலமடைக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் வினோ, அட்டைக்கடியில் சாக என்னையும் கூப்பிடுகிறாயா என்று போனிலேயே முடித்துவிட்டான். அந்தப் பேச்சு வந்தால் சிசிலி ஒன்றுதான் சொல்வார்: "அவன் குடிச்ச பாலு, அட்டை குடிச்ச மிச்சந்தான்."

லயத்தை விட்டு வந்து சேர்ந்த மகள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் படுக்கும் கட்டில் பேத்தி டின்சியுடையது. துணி வைக்கும் தட்டு ஷீனா ஒழித்துக் கொடுத்தது. சுவரோரத்து மண் ஒன்றுதான் அவரே வாய்திறந்து கேட்டு வாங்கியது. மருமகன் ஜின்சன் மாங்காய் வியாபாரி. பெட்டி அடுக்க அந்த இடத்தில் தளம் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளி வைத்திருந்தார். இந்த வருடம் பேச்சை முடித்துவிட்டார்: கீரை உருப்படியாக வந்தால் மண் அத்தைக்கு, வராவிட்டால் சிமெண்டு.

பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள் கத்தரியும் மிளகாயும் வைக்கிறவர். கார்த்திகையிலேயே வேலிமேல் எட்டி, இன்னும் விதைக்கவில்லையா என்று கேட்டார். சிசிலிக்கு அது விவரம் கெட்ட கேள்வியாகப் பட்டது. மலையில் மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும். ஒரே விடியலில் நாற்றெல்லாம் கருகிப்போகும். மாசிக்கு முன்னால் அங்கே யாரும் விதையைத் தொடமாட்டார்கள். "பனி போவட்டும்" என்று விதைப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலமடையில் அந்தச் செடிக்கு ஏற்ற குளிர்ச்சி இருப்பதே அந்த மாதங்களில்தான். அது போன பிறகு, மாசியில் விதைத்தார். முந்தைய இரண்டு வருடமும் அப்படித்தான் விதைத்தார். செடி கருகியதற்கு மண்ணைத் திட்டினார்.

பங்குனியில் செடி பந்து கட்டவில்லை. குச்சிபோல நெட்டுக்கு ஏறி மொட்டு வைத்தது. தண்டை ஒடித்தால் பால் வந்தது. நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்த ஷீனா கசப்புத் தாங்காமல் வாசல்வரை ஓடிப்போய்த் துப்பினாள்.

மருதாத்தாள் வந்து பார்த்தார். "ஏனுங்க, குளுருக்கு வர்ற செடியக் குளுரு போனப்பொறம் போட்டா எப்புடிங்க வரும்? நம்மூருப் பனிக்கு ஒரு போர்வைகூட வேண்டாமுங்க."

"எங்க மலையில பனி கொல்லும்" என்றார் சிசிலி. "இங்க அதுதான் காப்பாத்துமாக்கும்."

அன்றைக்கே மருமகனிடம் போய், வருகிற கார்த்திகை வரைக்கும் பொறுக்க முடியுமா, ஒரே ஒரு தடவை விதைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டார். கேட்கும்போது முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஜின்சன் கெட்டவர் இல்லை. "மாங்கா காத்திருக்காதுங்க அத்தை" என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஜல்லியும் மணலும் வந்து இறங்கின.

தளம் போட வந்த ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். சிசிலி சாக்கை உருவி மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு செடியிலும் இருந்த இலைகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த ஜின்சனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"ஒரு எல குடுங்க அத்தை. இத்தன நாளா வளத்தீங்க, நான் தின்னே பாத்ததில்லீங்க."

சிசிலி மடியிலிருந்து ஓர் இலையை எடுத்தார். நீட்டிய கையைப் பார்த்தார். சட்டென்று இலையைத் தன் வாயில் திணித்துக்கொண்டார். அடுத்ததையும் திணித்தார். உதட்டோரம் வெள்ளையாகப் பால் கசிந்தது. மடி காலியாகும்வரை, முகம் சுளிக்காமல் மென்றுகொண்டே நின்றார்.